கடிகாரம் யார் பக்கம்? கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல் முதல் கில்லுக்குப் பிறகு

கேள்வி இதுதான். ஐந்து நண்பர்கள் சேர்ந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறார்கள். (ஐவர் ஐவராக இரண்டு அணிகள் மோதும் கணினித் துப்பாக்கி விளையாட்டு அது. டி பக்கம் ஏ, பி என்ற இரண்டு தளங்களில் ஒன்றில் பாம் வைக்க வேண்டும், சிடி பக்கம் அதைத் தடுக்க வேண்டும்.) குறி நன்றாகவே விழுகிறது. பிஸ்டல் ரவுண்டுகளை (ஒவ்வொரு பாதியிலும் கைத்துப்பாக்கியோடு ஆடும் முதல் ரவுண்டு) பெரும்பாலும் ஜெயித்துவிடுகிறார்கள், பாதிக்கு மேற்பட்ட ரவுண்டுகளில் முதல் கில்லும் அவர்களுடையதுதான். ஆனாலும் மேட்ச் 9-13, 8-13 என்றே முடிகிறது. "முன்னிலை கிடைத்தால் உடனே பாய வேண்டுமா, பொறுக்க வேண்டுமா? எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி" என்று அணியின் ஐஜிஎல் (ஆட்டத்தில் முடிவெடுத்து வழிநடத்துபவர்) தம்பி கேட்டிருந்தார். கூடவே மூன்று டெமோக்களையும் (மேட்ச் பதிவுகள்) அனுப்பியிருந்தார்.

தம்பி, டெமோக்களை முழுசாகப் பார்த்தேன். 5-4 என்று (உயிரோடு நீங்கள் ஐவர், எதிரிகள் நால்வர்) நீங்கள் முந்திய ரவுண்டுகளை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டேன். அவற்றில் நீங்கள் தோற்றவை முக்கால்வாசி ஒரே அச்சு: முதல் கில் விழுந்த பத்து நொடிக்குள் நீங்களும் ஒருவரைக் கொடுத்திருக்கிறீர்கள். பாய்வதா பொறுப்பதா என்ற சண்டைக்கே அங்கே வேலையில்லை. முடிவெடுக்கும் முன்பே முன்னிலை கரைந்துவிட்டது.

மிராஜ் வரைபடத்தில் ஆடிய மேட்சில் ஏழாவது ரவுண்டைப் பாருங்கள். நீங்கள் சிடி பக்கம், கடிகாரத்தில் 1:32. நடுப்பகுதியை ஏ தளத்தோடு இணைக்கும் கனெக்டரில் நின்ற உங்கள் ஆள், நடுப்பகுதியின் மேல் முனையான டாப் மிட்டுக்கு வந்தவனைத் தலையிலேயே அடித்துச் சாய்த்தார். அருமையான ஷாட். இரண்டு நொடி கழித்து அதே கோணத்தில் மறுபடி எட்டிப் பார்த்தார். அங்கே எதிரியின் ஏகே துப்பாக்கி ஒன்று குறி வைத்துக் காத்திருந்தது. 4-4. உடனே நடுப்பகுதியைப் பார்க்கும் ஜன்னலான விண்டோவில் இருந்தவர் பழி வாங்கப் போகிறேன் என்று கீழே குதித்தார். 3-4. அப்புறம் ஏ தளத்தில் தனியாக மாட்டிய ஒருவர், பி-யிலிருந்து ஓடிவந்து வழியிலேயே விழுந்த இருவர். மொத்தம் முப்பது நொடி. இந்த ரவுண்டில் எதிரணி புத்திசாலித்தனமாக எதுவும் செய்யவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார்கள். நீங்கள்தான் ஒவ்வொருவராக அவர்கள் முன்னால் போய் நின்றீர்கள்.

முதல் கில் கிடைத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது கடிகாரம் யாருக்கு வேலை செய்கிறது?

ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 55 நொடி. பாம் வைக்கப்படாத வரை அந்த நேரம் சிடி-யின் சொத்து. அது ஓடி முடிந்தால் அவர்கள் சும்மா இருந்தே ஜெயித்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, நேரம் முடியும்போது உயிரோடு இருக்கும் டி வீரர்களுக்கு அந்த ரவுண்டுக்கான தோல்விப் பணமும் (அடுத்த ரவுண்டில் துப்பாக்கி வாங்கத் தோற்றவர்களுக்குக் கிடைக்கும் தொகை) கிடையாது. பாம் வைத்த நொடியில் சொத்து கைமாறுகிறது. இனி 40 நொடி டி பக்கத்துக்குச் சொந்தம். சிடி கையில் கிட் (பாமைச் செயலிழக்க வைக்கும் கருவி) இருந்தால் டீஃப்யூஸ் செய்ய 5 நொடி, இல்லாவிட்டால் 10. சரி, இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கில் விழுந்த பரபரப்பில் இதை நினைத்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

சிடி-யாக 5-4 என்றால் உங்களிடம் இரண்டு சாதகம்: ஆள் அதிகம், நேரமும் உங்களுடையது. அந்த நிலையில் எதிரியைத் தேடிப் போவது, கடன் வாங்கியவன் வீடு தேடி வந்து பணம் தருவதாகச் சொன்ன பிறகும் நாம் வெயிலில் அலைந்து அவனைத் தேடுவது மாதிரி. அவன் வந்தே ஆக வேண்டும், வரட்டும். கில் எடுத்தவர் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கோணத்தை விட்டு நகர்வது. அவர் எங்கே நிற்கிறார் என்பது எதிரணிக்குத் தெரிந்துவிட்டது, அவருடைய இடம் செலவாகிவிட்டது. பின்வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஒரு ஃப்ளாஷோ (கண்ணைக் கூசவைக்கும் கிரனேடு) ஸ்மோக்கோ (புகைக் கிரனேடு) போட்டால் போதும். அப்புறம் அந்த ஐந்தாவது ஆளின் பலனை எங்கே வைப்பது என்று யோசியுங்கள். வழக்கமாக ஒருவர் தனியாகக் காக்கும் இடத்தில் இருவரை நிறுத்தி கிராஸ்ஃபயர் (இரண்டு கோணத்திலிருந்து சுடுவது) போடலாம். உங்கள் ஆள் ஒருவர் விழுந்தால் மற்றவர் ட்ரேட் எடுப்பார், அதாவது கொன்றவனை உடனே சாய்ப்பார். 4-3 உங்களுக்கு 5-4-ஐ விட நல்லது. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் 1-0-தானே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொறுப்பது என்றால் எல்லா இடத்தையும் விட்டுவிட்டுத் தளத்துக்குள் பதுங்குவது என்று அர்த்தமில்லை. உங்கள் இன்ஃபெர்னோ வரைபட டெமோவில் அந்தத் தப்பும் நடந்திருக்கிறது. 5-4 ஆனதும் பி தளத்துக்குப் போகும் பனானா என்ற வழியை முழுசாக விட்டுக்கொடுத்துவிட்டு பி தளத்தில் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மீதி நால்வரும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பனானா முழுக்க நடந்து வந்து, கையில் இருந்த ஸ்மோக், மோலி (தீக் கிரனேடு), ஃப்ளாஷ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உங்கள் இருவர் தலையில் கொட்டினார்கள். 5-4 என்பது மொத்தக் கணக்கு. அந்த இடத்தில் அது 2-4. தகவல் வந்துகொண்டிருக்க வேண்டும். ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நிற்கலாம், ஒரு மோலியைப் போட்டு அவர்களைப் பத்து நொடி தாமதப்படுத்தலாம். உயிரைப் பணயம் வைக்காமல் இடத்தைப் பிடித்திருப்பது ஒரு கலை. 2017-க்கும் 2019-க்கும் இடையில் நான்கு மேஜர்களை (இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய போட்டிகள்) வென்ற டென்மார்க்கின் ஆஸ்ட்ராலிஸ் அணி பேர் வாங்கியது கிரனேடுகளை அளந்து செலவழித்ததற்காகத்தான். துப்பாக்கியால் சண்டை போடும் முன்பே எதிரியின் நேரத்தைத் தின்றுவிடுவார்கள். அவர்களுடைய பழைய இன்ஃபெர்னோ ஆட்டங்களில் சிடி பக்கத்தை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள்.

டி பக்கம்தான் சிக்கல். அங்கே 5-4 என்றால் ஆள் உங்களுக்கு அதிகம், நேரம் எதிரிக்கு. இரண்டு சக்தியும் எதிரெதிராக இழுக்கும். உங்கள் அணியில் இரண்டு கட்சி வந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டு கட்சியும் பாதி சரி.

ஒரு சிடி விழுந்தால் அவர் காத்த இடம் திறக்கிறது. அந்தத் திறப்பு நிரந்தரமானதில்லை. மறுபக்கத்து ஆள் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஓட்டையை அடைக்கப் பத்துப் பதினைந்து நொடி ஆகலாம். அந்தப் பத்து நொடிக்குள் உங்களில் மூவர் பாமோடு அங்கே இருந்தால் பாயுங்கள், யோசிக்கவே வேண்டாம். பாம் வரைபடத்தின் மறுமூலையில் இருந்தால் பாயாதீர்கள். நீங்கள் ஓடிச் சேரும் நேரத்தில் அவர்களும் ரொட்டேட் செய்து முடித்திருப்பார்கள், உங்கள் ஐவரின் காலடிச் சத்தமும் அவர்களுக்கு இலவசமாகக் கேட்டிருக்கும். உங்கள் மூன்றாவது டெமோவில், பி அபார்ட்மென்ட்டில் பாம் இருக்கும்போது ஏ-யில் கில் விழுந்ததும் "ஏ, ஏ, ஏ" என்று அறிவிப்பு போனது. பாம்காரர் மிராஜை முழுக்கச் சுற்றி ஓடினார். பாவம், மூச்சு வாங்க, ஏ தளத்துக்கு ஏறும் ராம்ப்பில் வந்து நின்றபோது எதிரே மூன்று பேர்.

பாம் தூரத்தில் இருக்கும்போது என்ன செய்வது? விழுந்தவன் நின்ற இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து தளத்துக்குள் போகவே வேண்டாம். மிராஜில் கனெக்டர் உங்கள் கையில் வந்துவிட்டால் ஏ தளத்துக்கும் பயம் வந்துவிடும், பி-க்கும் பயம் வந்துவிடும். நால்வராக இருக்கும் சிடி இரண்டு தளத்தையும் இரண்டிரண்டாகக் காக்கலாம், ஆனால் நடுவில் ஆள் வைக்க முடியாது. நடுவில் வைத்தால் ஒரு தளத்தில் ஒருவர்தான். அந்த நெருக்கடியில் அவர்களை ஒரு முப்பது நொடி வேக விடுங்கள். யாராவது ஒருவர் தகவலுக்காக எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்க்க வைப்பதுதான் நோக்கம். 5-3 ஆனால் எந்தத் தளம் என்பதுகூட அவ்வளவு முக்கியமில்லை.

இதில் கில் எப்போது விழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1:35-ல் 5-4 என்றால் மேலே சொன்ன பொறுமைக்கு நேரம் இருக்கிறது. அதே 5-4 கடிகாரத்தில் 0:35 காட்டும்போது வந்தால், டி பக்கத்துக்குப் பொறுமை என்ற பேச்சே இல்லை. பாம் வைக்க மூன்று நொடிக்கு மேல் வேண்டும், தளத்தைத் துடைக்கப் பத்துப் பன்னிரண்டு நொடி வேண்டும். ஒரு ஸ்மோக் ஏறக்குறைய 20 நொடி நிற்கும். அதாவது எதிரி சரியான இடத்தில் போடும் ஒரே ஒரு ஸ்மோக் உங்கள் ரவுண்டையே முடித்துவிடும். அந்த நேரத்தில் ஐஜிஎல் வாயிலிருந்து வர வேண்டியது தளத்தின் பெயர் மட்டும்தான்.

பாம் வைத்த பிறகு நிலைமை தலைகீழ். அதுவரை அவசரம் உங்களுக்கு, இனி அவசரம் அவர்களுக்கு. எட்டிப் பார்க்கிற கை அரிப்பை அடக்கிக்கொண்டு தூரத்தில் நில்லுங்கள். அவர்கள் பாமைத் தொட்டாக வேண்டும். தொடும் சத்தம் கேட்டபின் சுடலாம். 5-3, 4-2 என்று பாம் வைத்த பிறகும் தோற்ற ரவுண்டுகள் உங்கள் டெமோக்களில் நான்கு இருக்கின்றன. நான்கிலும் யாரோ ஒருவர் சிடி ஸ்பான் (ரவுண்டு தொடங்கும் இடம்) பக்கம் வேட்டைக்குப் போயிருக்கிறார். (நானும் பிரௌசிங் சென்டரில் பழைய 1.6 பதிப்பு ஆடிய காலத்தில் இதே வேட்டைக்காரன்தான். பக்கத்து சீட்டு அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துத் தலையில் ஒன்று போடுவார்.)

இப்போது பணத்துக்கு வருவோம். உங்கள் அணி அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பிஸ்டல் ரவுண்டை ஜெயித்ததும் 1-0 என்று நினைக்கிறீர்கள். அது 1-0 இல்லை, மூன்று ரவுண்டுக்கான அட்வான்ஸ். அட்வான்ஸை ரசீதாக மாற்றுவது இரண்டாவது ரவுண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிஸ்டல் ரவுண்டில் கையில் இருக்கும் 800 டாலரில் 650-க்குக் கெவ்லர் (மார்புக் கவசம்) வாங்கி, ஒரு கில் எடுத்து, செத்துப்போன ஒரு டி வீரரை எடுத்துக்கொள்வோம். பாம் வெடித்து ஜெயித்ததால் 3,500, கில்லுக்கு 300, மிச்சம் 150. மொத்தம் 3,950. இவர் இரண்டாவது ரவுண்டில் ஏகே-47 (2,700), கெவ்லரும் ஹெல்மெட்டும் (1,000) வாங்கினால் கையில் 250. ஒரு கில் எடுத்துவிட்டு இவர் மறுபடி செத்து, அணி எதிரிகளை வீழ்த்தி ஜெயித்தால் 300 + 3,250 சேர்ந்து 3,800. மூன்றாவது ரவுண்டில் ஏகே, கவசம் போக மிச்சம் 100. ஒரு ஃப்ளாஷ்கூட வாங்க முடியாது. அதே ஆள் இரண்டாவது ரவுண்டில் மேக்-10 என்ற எஸ்எம்ஜி, அதாவது சிறு இயந்திரத் துப்பாக்கி (1,050), கவசம் என்று போனால் மிச்சம் 1,900. எஸ்எம்ஜி கில்லுக்கு 600 கிடைக்கும். செத்தாலும் மூன்றாவது ரவுண்டில் 5,750. ஏகே, கவசம் போக 2,050 மிஞ்சுகிறது, முழு கிரனேடும் வாங்கலாம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். பிஸ்டலில் தோற்ற சிடி-க்கு 1,900, பழைய மிச்சம் 150. இரண்டாவது ரவுண்டில் எதுவும் வாங்காமல் சேமித்துத் தோற்றால் 2,400 சேர்ந்து 4,450. எம்4ஏ1-எஸ் ரைஃபிள் (2,900), கவசம், ஒரு கிட் எல்லாம் வந்துவிடும். ஆக முதல் உண்மையான துப்பாக்கிச் சண்டை மூன்றாவது ரவுண்டு. அதில் அவர்கள் கையில் ரைஃபிள் இருக்கும், கிரனேடு குறைவாக இருக்கும். உங்களுக்கு இருக்கும் ஒரே மேல்கை கிரனேடுதான். இரண்டாவது ரவுண்டில் ஆசைப்பட்டு ஏகே வாங்கியவர்கள் அந்த மேல்கையைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள்.

அவர்கள் சேமிக்காமல் ஃபோர்ஸ் பை செய்தால், அதாவது இருப்பதையெல்லாம் செலவழித்து வாங்கினால்? எம்பி9 என்ற எஸ்எம்ஜி-யும் கெவ்லரும் 1,900-க்குள் வந்துவிடும். இந்த ரவுண்டு அவர்களுக்கு ஒரு சூதாட்டம். தோற்றால் அடுத்த ரவுண்டில் கையில் 2,550 அளவுக்குத்தான் நிற்கும், மூன்றாவதும் ஏறக்குறைய உங்களுடையது. ஜெயித்தால் உங்கள் நிலை பரிதாபம். பிஸ்டலை ஜெயித்து இரண்டாவதைத் தோற்ற அணிக்குத் தோல்விப் பணம் வெறும் 1,400. பிஸ்டலைத் தோற்றிருந்தால்கூட 1,900 வந்திருக்கும்! அதனால் இரண்டாவது ரவுண்டில் கிட்டத்தில் போய் வீரம் காட்டக்கூடாது. எம்பி9 மூலைமுடுக்குகளில் ராஜா, திறந்தவெளியில் சாதாரணம். எப்போதும் இருவர் இருவராகப் போங்கள். முதலில் போகிறவர் விழுந்தால் அவர் துப்பாக்கியை எதிரி எடுக்கும் முன் ட்ரேட் எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. தோல்விப் பணம் 1,400, 1,900, 2,400, 2,900, 3,400 என்று படி ஏறும். முதல் பாதியில் நீங்கள் 5-0 என்று போய்க்கொண்டிருக்கும்போது எதிரணி உச்சப் படியில் நிற்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் அவர்களுக்கு 3,400. எதிரிகளை வீழ்த்தி ஜெயித்த உங்களுக்கு 3,250. ஆமாம், தோற்றவனுக்குத்தான் கூடுதல். அதோடு ஒரு ரவுண்டு ஜெயித்தாலும் அவர்கள் ஒரு படிதான் இறங்குவார்கள், பழைய விதிபோலத் தரைக்கு விழ மாட்டார்கள். ஸ்கோர் போர்டில் முன்னிலை எப்போது மிகப் பெரிதாகத் தெரிகிறதோ, பணத்தில் உங்கள் முன்னிலை அப்போதுதான் மெலிந்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் உங்களை மேலே வைத்திருப்பது ஒன்றே ஒன்று: போன ரவுண்டிலிருந்து உயிரோடு கொண்டுவந்த துப்பாக்கிகள். 6-1 ஸ்கோரில், ஜெயித்தாகிவிட்ட ரவுண்டின் கடைசியில் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒளிந்திருக்கும் ஒருவனைத் தேடிப் போய்ச் செத்தாரே உங்கள் ஸ்னைப்பர், அவர் தொலைத்தது 4,750 டாலர். ஏடபிள்யூபி கில்லுக்குக் கிடைப்பது 100 டாலர். அடுத்த மூன்று ரவுண்டு ஏன் போனது என்று இப்போது புரிகிறதா?

பெரிய அணிகளுக்கே முன்னிலை நழுவியிருக்கிறது. 2016 கொலம்பஸ் மேஜர் அரையிறுதியில் டீம் லிக்விட் லூமினாசிட்டிக்கு எதிராக மிராஜில் 15-9, கேஷ் வரைபடத்தில் 15-6 என்று முன்னால் நின்றது. அப்போது 16 எடுத்தால் வெற்றி. இரண்டையும் ஓவர்டைமில் தோற்றது. மிராஜில் பி தளத்துக்குள் வந்த நால்வரை லூமினாசிட்டியின் கோல்ட்செரா ஏடபிள்யூபி-யால், அதில் இருவரைக் குதித்தபடியே, சாய்த்த ரவுண்டு அந்த மேட்சில்தான். ஆட்டத்தைத் தயாரிக்கும் வால்வ் அதன் நினைவாக வரைபடத்தின் சுவரிலேயே ஒரு சித்திரம் வரைந்துவிட்டது. 2018 பாஸ்டன் மேஜர் இறுதியில் ஃபேஸ் கிளான் இன்ஃபெர்னோவில் 15-11 என்று முன்னால் இருந்தது. கிளவுட்9 விரட்டிப் பிடித்து 22-19 என்று கோப்பையை எடுத்துப் போனது. அப்போது ஒரு பாதிக்கு 15 ரவுண்டு. 2023-ல் வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல் பாதிக்கு 12, வெற்றிக்கு 13. துரத்த ரவுண்டுகள் குறைந்துவிட்டதால் பிஸ்டலோடு வரும் அந்த மூன்று ரவுண்டுச் சங்கிலியின் எடை கூடியிருக்கிறது.

வரைபடத் தொடக்க டைமிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பான் நல்லதாக விழுந்தவர்தான் முதல் சண்டைக்குப் போக வேண்டும். "நான்தான் எப்போதும் என்ட்ரி (முதலில் நுழைபவர்)" என்ற பட்டயம் முதல் பத்து நொடிக்குச் செல்லாது. கத்தியோடு ஓடினால் ஆட்டத்தின் கணக்கில் வேகம் 250, ஏகே-வோடு 215, ஏடபிள்யூபி-யோடு 200. ஒரு சந்திப்பை அரை நொடி முன்னால் எட்ட இந்த வித்தியாசம் போதும். பழைய டஸ்ட் 2 வரைபடத்தில் டி ஸ்பானிலிருந்தே மிட் டோர் (நடுக் கதவு) இடுக்கு வழியாக, பி-க்கு ஓடும் சிடி-யைச் சுட முடிந்தது. வெறும் டைமிங்கால் கிடைத்த இலவச கில். வால்வ் பின்னால் அந்தப் பார்வைக் கோட்டையே மறைத்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் சரியான முடிவு.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த பத்து மேட்சுக்கு, கில் எடுத்தவர் பேசக்கூடாது. "இன்னொருத்தன் லோ (உயிர் குறைவு), நான் போறேன்" என்ற அலறல்தான் உங்கள் அணியைக் கொல்கிறது. அடுத்த மூன்று நொடி ஐஜிஎல் மட்டும் பேச வேண்டும், அதுவும் இரண்டு விஷயம்: மிச்ச நேரம் எவ்வளவு, பாம் எங்கே. "ஒன்று இருபது, பாம் பி-யில், பின்வாங்கு" என்றால் முடிந்தது. முதல் இரண்டு மேட்சில் சிரிப்பாக இருக்கும். விண்டோவிலிருந்து குதிக்கும் அந்த நண்பருக்கு மட்டும் தனியாக ஒரு வேலை கொடுங்கள்: 5-4 ஆனதும் அவர் கையில் துப்பாக்கிக்குப் பதில் ஸ்மோக் இருக்க வேண்டும். கை எதையாவது வீசிக்கொண்டிருந்தால் கால் சும்மா இருக்கும்.

பத்து மேட்ச் ஆனதும் ஸ்கோர் எனக்கு வேண்டாம். 5-4 ஆன ரவுண்டு எத்தனை, அதில் பத்து நொடிக்குள் 4-4 ஆனது எத்தனை என்று எண்ணி அனுப்புங்கள். இரண்டாவது எண் பாதியாகக் குறைந்திருந்தால், டி பக்கத்தில் லர்க்கரை (அணியை விட்டுத் தனியாகப் பதுங்கிச் செல்பவர்) எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்ட அந்த மற்றக் கேள்வியை அப்புறம் எடுத்துக்கொள்வோம்.